நியூட்ரல்

பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்கு இந்தப் பக்கம்
அது நடந்து பதினான்கு மாதம்.
வெளியே தெரிவது ஏழு தையல்தான்.
லாரியை எடைக்குப் போட்டாயிற்று.
ஹாரன் மட்டும்
இன்னும் என் விலாவுக்குள் மாட்டியிருக்கிறது.

குக்கர் விசில், கேட்டுத் தாழ்ப்பாள்,
எதிர்வீட்டுப் பையன் உடைக்கும் பலூன்,
எது கேட்டாலும் என் வலது கால்
இல்லாத பிரேக்கை மிதிக்கும்.

வேலூர். ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி.
ஜெசிந்தா மேடம் முதலில்
ஒரு வெண்கலக் கிண்ணத்தைத் தட்டினார்.
தங்கச்சி கல்யாணச் சீர் ஞாபகம் வந்தது,
கூடவே அந்தக் கடனும்.
அப்புறம் காதில் ஹெட்போனை மாட்டி
ஆறு ஓடும் சத்தம் என்றார்.
மேடம், நான் பாலாற்றங்கரைக்காரன்.
ஆறு என்றால் எனக்கு
ராத்திரி ரெண்டு மணிக்கு மணல் அள்ளும் சத்தம்.
தண்ணீர் இப்படியெல்லாம் பேசுமா என்று
இருபது நிமிஷம் சந்தேகத்தோடு கேட்டிருந்தேன்.
சிரித்துவிட்டார். நானும்.

"சரி, எந்தச் சத்தத்துல உங்களுக்குத் தூக்கம் வரும்?"

இதை யாரும் கேட்டதில்லை.
மாதனூர் தாண்டி புளியமரத்தடியில் ஒதுக்கி
கியரை நியூட்ரலில் தள்ளி
இன்ஜினை அணைக்காமல்
கேபினில் கால் நீட்டினால்
பலகை வழியாக முதுகில் ஏறுமே ஓர் அதிர்வு,
அதில் என்றேன்.

"அந்த வண்டியக் கொண்டாந்து
உங்க தொண்டையில நிறுத்துங்க."

உதடு மூட வேண்டும். பல்லைப் பல் தொடக்கூடாது.
மூச்சு ஏற்றுவது சின்ன லோடு,
இறக்குவதுதான் நீளம்.
ம்ம்ம்ம்ம்

ஒரு வாரம் கக்கூஸில் மட்டும் செய்தேன், வெட்கம்.
பிறகு கிரீன் சர்க்கிளில்
ஒரு தனியார் பஸ் முதுகுக்குப் பின்னால் அலறியபோது
டீக்கடைச் சுவரைப் பிடித்துக்கொண்டு
ம்ம்ம்ம்
ஸ்கேன் கவரோடு பக்கத்தில் நின்ற வங்காளிப் பெரியவர்
எந்தச் சாமி என்று நினைத்தாரோ,
கை கூப்பினார்.
பஸ் போய்விட்டது. கால் தரையிலேயே இருந்தது.
எப்போதும் அப்படி இல்லை.
மூன்றுக்கு ஒரு தடவை.

நேற்று கத்திரி வெயில் குடித்த சுவர்கள்
ராத்திரியெல்லாம் அனல் கக்க, கரண்டும் போக,
மொட்டைமாடியில் பாய்.
கண்ணை மூடி நான் ம்ம்ம் என்றிருந்தேன்.
உம் கொட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு
ரேணுகா பேச ஆரம்பித்தாள்.
ரேஷன் பருப்பில் தொடங்கி
எங்கெங்கோ சுற்றி
அந்த ராத்திரிக்கு வந்துவிட்டாள்.
திரையில் என் பேர்.
எடுத்தால் யாரோ ஒரு போலீஸ்காரர் குரல்.
அன்றிலிருந்து போன் அடித்தால்
அடுப்பை அணைத்துவிட்டு
தரையில் உட்கார்ந்துதான் எடுக்கிறாளாம்.
பதினான்கு மாதம். ஒரே வீடு.
எனக்குத் தெரியாது.

நான் நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாள்.
மூச்சு தீர்ந்த இடத்தில்
திருடனைப் போல் ஒரு வாய் காற்றை இழுத்துக்கொண்டு
ம்ம்ம்ம்

சொல்லி முடித்து நெஞ்சில் காதை வைத்தாள்.
"என்னாய்யா இது,
வண்டி நிக்குதா, ஓடுதா?"

பதில் சொல்ல வாயைத் திறக்க வேண்டும்.
திறக்கவில்லை.