ஆயிரத்து இருநூறு சுற்று

சுழற்சி உச்சத்துக்கு ஏறும்போது
யாராவது ஓடிப்போய் அதன்மேல் உட்கார வேண்டும்.
இல்லையென்றால் குழாயை இழுத்துக்கொண்டு
குளியலறை வாசல்வரை வந்துவிடும்.
திங்களன்று நான்.
வியாழன் என் நாத்தனார் ஸ்லாதித்சா,
ஏழாம் மாதம் தொடங்கியதும் அவளுக்கு விலக்கு.
சனிக்கிழமை படுக்கை விரிப்புகள், கனமான துண்டுகள்.
அது வவ்ரினெட்ஸின் முறை.
ஒன்பது வயது, தலையில் சைக்கிள் ஹெல்மெட்,
கடிவாளமாக என் குளியல் அங்கியின் நாடா.

கீழ்வீட்டு ஹெத்விகா
துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடிப்பாள்,
அதாவது என் தரையை.
பழகிவிட்டது.
ஒரு சனிக்கிழமை இடிக்கவில்லை, மேலே வந்தாள்,
கையில் ஒரு பீங்கான் கோப்பையின் காது மட்டும்.
மீதி எங்கே என்றேன்.
தரையில் என்றாள்.

லின்ஸிலிருந்து கெய்ஸா போனில் சொன்னான்: புதுசு வாங்கிடு.
எந்த நோய்க்கும் அவனிடம் அந்த ஒரே மருந்து.
சரி, பணம் அனுப்பு என்றேன்.
லைன் சரியில்லை என்றான்.

சோதனை எளிது.
கதவைத் திறந்து டிரம்மை உள்ளங்கையால் அழுத்தி விட வேண்டும்.
ஒருமுறை எழும்பி அடங்கினால் நலம்.
எங்களுடையது எழும்பியது, தாழ்ந்தது, எழும்பியது,
கேட்டவர் போய்விட்ட பிறகும்
தலையாட்டிக்கொண்டே இருப்பவரைப் போல.

கோஷித்சேயில், டிராம் டிப்போவுக்குப் பின்னால்
உதிரிபாகக் கடை ஒன்று உண்டு.
ஷாக் அப்சார்பர் இரண்டு, பத்தொன்பது யூரோ.
எத்தனை நியூட்டன் என்றார் கடைக்காரர்.
நான் எழுபது கிலோ என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
என் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி,
அழுக்குக்கு அடியில் இருந்த எண்ணைத் தானே படித்துக்கொண்டார்.

மின்சாரத்தைப் பிடுங்கி, தண்ணீரை மூடி,
வடிகட்டியைத் திறந்தால் பாத்திரம் நிரம்பி வழிந்தது.
பிறகு நானும் ஸ்லாதித்சாவும்,
வேண்டாம், நீ தள்ளி நில் என்று நான் சொல்லச் சொல்ல,
தொட்டி விளிம்பில் தலையணை வைத்து அதைச் சாய்த்தோம்.
அடியில் நரைத்த பஞ்சு, ஒற்றைக் காலுறை,
யூரோ வருவதற்கு முந்தைய ஐந்து கொருனா நாணயம்.
அவ்வளவு நாளாகவா நம் வீட்டில் இருக்கிறாய்.

இடப்பக்கத்து முள் சொன்னபடி கேட்டது.
வலப்பக்கம் அசையவில்லை.
சுத்தியல் நுழைய இடமில்லை.
மூன்று மாடி இறங்காமல், தண்டவாளக் குழாயைத் தட்டாமல்,
வெறுமனே கீழே போய் மணியடித்து
ஹெத்விகாவிடம் துடைப்பத்தைக் கேட்டேன்.
கட்டையை முள்ளில் வைத்து
முதல்முறையாக என் பக்கத்திலிருந்து இடித்தேன்.
நாலாவது இடியில் வந்தது.

பழையதை இழுத்தால் ஒற்றை விரலுக்கு வழுக்கியது,
உள்ளே ஈரப்பசை காய்ந்த பஞ்சு வளையம்.
புதியதை இழுக்க இரண்டு கைகளும் வேண்டியிருந்தன.
பாரத்தைச் சுமப்பது இது இல்லை,
அதை மேலே ஸ்பிரிங்குகள் பார்த்துக்கொள்கின்றன.
இதன் வேலை
போகும்போதும் வேண்டாம் என்பது,
வரும்போதும் வேண்டாம் என்பது,
ஆனாலும் கூடவே போய் வருவது.
தரையில் உட்கார்ந்தபடி
அதை இழுப்பதும் தள்ளுவதுமாக
கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை. விரிப்புகள். ஆயிரத்து இருநூறு.
மூடிமேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தோம்.
வட்டம் வட்டமாக நடுங்கியது, சிந்தவில்லை.
கீழிருந்து சத்தமில்லை.
துடைப்பம் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது என்பது
பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஹெல்மெட்டோடு வந்த வவ்ரினெட்ஸ்
ஏறி உட்கார்ந்து, நாடாவைச் சுண்டி, காத்திருந்து,
குதிரை செத்துப்போச்சு என்றான்.
இறங்கவும் இல்லை.
பழைய இரண்டையும் அவனுக்கே கொடுத்தேன்,
பம்ப் அடிக்கிறானாம்.

ஒரு திருகு மிஞ்சியிருக்கிறது.
எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியவில்லை.
உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.
இயந்திரம் இதுவரை அதைக் கேட்கவில்லை.