வெளிச்ச மேசை

முதலில் கண்டுபிடித்தது பூனை.
அக்குரேரி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய
பன்னிரண்டாம் இரவு,
கட்டுப் போட்ட கணுக்கால்மேல் தலை சாய்த்தது.
சட்டென்று எழுந்தது,
எலி ஓடும் சுவரைப் பார்ப்பதுபோலப்
பார்த்துக்கொண்டே இருந்தது.

பிறகு ஓட்கேய்ர். போர்வைக்குள்
அவன் சில்லிட்ட பாதம் என் பாதத்தைத் தேடி வந்து
அப்படியே நின்றது.
"இதென்ன, இங்கே துடிக்கிறது?"
"நாடி" என்றேன்.
"நாடி இப்படியா? யாரோ கதவைத் தட்டுகிறார்கள்."

சாவித்துளை அறுவை என்றார்கள்.
பத்தொன்பது வயதுவரை நான் உதைத்த பந்தெல்லாம்
எலும்பின் விளிம்பில் முள்ளாக முளைத்திருந்தது.
ஒரு துளையில் விளக்கும் கண்ணும்,
மறு துளையில் துருவி.
துளைக்கு ஒரு தையல். சாயங்காலமே வீடு.

இப்போது காலையில் அரை முட்டை.
மாலையில் முழு முட்டை.

மருத்துவர் ஸ்டெய்ன்வோர் விரல் வைத்தார்,
எடுத்தார்,
மறுபடி வைக்கவில்லை.
ரெய்க்யாவிக் போக வேண்டும் என்றார்.
விமானம் ரத்து. மலைப்பாதையில் பனிச்சரிவு.
ஃபியோர்டின் வாயில் காற்று
திரும்ப இடமில்லாமல் முட்டிக்கொண்டிருந்தது.

ஸ்கேன் அறையில் ஹத்லா, என் மகனோடு படித்தவள்.
திரையில் சிவப்பும் நீலமும்
ஒன்றையொன்று துரத்திச் சுழன்றன,
ஏற்றமும் வற்றமும் மோதுகிற கடல்வாய்போல.
ஒலியைக் கூட்டினாள்.
மரம் அறுக்கும் ரம்பம்: போய், வந்து, போய், வந்து.

"பொய் வீக்கம்" என்றாள்.
தமனிக்குச் சொந்தச் சுவர் மூன்று அடுக்காம்.
இதற்கு ஓர் அடுக்கும் கிடையாது.
கசிந்த ரத்தத்தைச் சுற்றி நிற்கும் சதை
சுவர்போல நடிக்கிறது.
மெய்யில் ஒரு பொய்.
அது மெய்யாகவே துடித்தது.

அழுத்திப் பாருங்கள் என்றது தலைநகர், தொலைபேசியில்.
கருவியின் முனையால் அந்தக் கழுத்தை மட்டும்;
பாதத்துக்குப் போகிற ரத்தம் நிற்காமல்.
இருபது நிமிடம். விட்டாள்.
சிவப்பு, நீலம்.
மறுபடி இருபது. விட்டாள்.
சிவப்பு, கொஞ்சம் நீலம்.
"வலிக்கிறதா?" என்றாள்.
"உன் தோள் வலிக்கிறதா?" என்றேன்.
ஓட்கேய்ர் ஜன்னலுக்குப் போய் வானிலை பார்த்தான்.
அவனுக்குத் தெரிந்த ஜெபம் அது ஒன்றுதான்.

மூன்றாம் முறை அழுத்தும்போது
அறுவை செய்த ஆஸ்முண்டூர் கூப்பிட்டார்.
நரம்புக்கு விலகி, தசைநாணுக்கு விலகித்தான் கீறினாராம்.
அந்த இடத்தில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஓடாதாம்.
எனக்கு ஒரு கிளை ஓடியிருக்கிறது.
"நான் பார்த்திருக்க வேண்டும்" என்றார்.
"பார்த்திருக்க முடியாது" என்றாரோ?
ரம்பச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை.
திருப்பிக் கேட்கவும் இல்லை.

இருபத்திரண்டு வருடமாக என் வேலை வெளிச்ச மேசையில்.
கீழிருந்து விளக்கு. மேலே காட் மீன் சதை,
பால் கலந்த கண்ணாடி மாதிரி.
புழுவின் நிழல் விழுந்தால் கத்திமுனையால் எடுக்க வேண்டும்,
சதை கிழியாமல். நிமிடத்துக்கு நாலு துண்டு.
எடுத்ததற்குக் கணக்கு உண்டு,
சம்பளச் சீட்டிலேயே வரும்.
விட்டது எத்தனை,
எந்த ஊரில், யார் தட்டில்?
நான் யாரையும் கூப்பிட்டதில்லை.

மூன்றாவது இருபது.
ஹத்லா கையை எடுத்தாள். விரல்கள் நிமிரவில்லை.
திரையில் வெறும் சாம்பல் நிறம்.
பாதத்தின்மேல் ஜெல்லோடு தேடினாள், இன்னொரு நாடியை.
இருந்தது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.
"நாளை மறுபடி பார்க்கணும். அசைக்காதீர்கள்.
திரும்பியும் வரலாம்."
எல்லாரும் சேர்ந்து ஆறிப்போன காபி குடித்தோம்.

இந்த இரவு
பூனை மறுபடி கணுக்கால்மேல் தலை வைத்திருக்கிறது.
ஒரு காதை மட்டும் திருப்பியது.
தூங்குகிறதா, கேட்கிறதா?
நான் அசையவில்லை.