ஆணிக்கும் கத்தும்

இலவசக் கல்வி என்றுதான் சொல்கிறார்கள்.
பசளை ரசீதின் பின்பக்கத்தில்
கணக்குப் போடுகிறேன்.
போடிங் பதின்மூன்று. சாப்பாடு இருபத்திரண்டு.
பஸ், போட்டோக்கொப்பி, சவர்க்காரம், காய்ச்சல்
எல்லாம் சேர்த்து நாலு.
மாதம் முப்பத்தொன்பதாயிரம்,
நாற்பத்தெட்டு மாதம்.
மடிக்கணினி தனி, ஒன்று தொண்ணூறு.
மகாபொல வருமாம். எப்போது என்று
மகாபொலவுக்கே தெரியாது. எழுதவில்லை.

இருபது லட்சத்து அறுபத்திரண்டாயிரம்.
அடியில் இரண்டு கோடு இழுத்தேன்.
எதிர்ப்பக்கம் வெறுமை.

அறிவியல் நகர் அக்கராயனிலிருந்து சைக்கிள் தூரம்.
இசட் புள்ளியில்
தசமத்துக்குப் பின்னால் மூன்றாவது இலக்கம்
ஆரூரனைக் கொழும்புக்குத் தள்ளியது:
பொறியியற் பௌதிகவியல்.
இஞ்சினியரோ, வாத்தியோ?
அயலில் கேட்கிறார்கள்.
"ரெண்டுக்கும் நடுவிலை" என்கிறான்.
நடுவில் நிற்பவனுக்கு யார் சம்பளம் போடுவது?

மாமா சொன்னார், இந்தக் காசுக்கு
லாண்ட்மாஸ்ரர் எடு, மிச்சத்துக்கு மாடு கட்டு.
உழுதால் அன்றைக்கே காசு,
இன்ரர்வியூவுக்குப் போகத் தேவையில்லை.
கிளிநொச்சியில்
பௌதிகம் படித்த ஒருவரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன்.
பகலில் சோலார் பூட்டுகிறார், பின்னேரம் ரியூசன்.
"நல்ல படிப்பு, தங்கச்சி" என்றார்
ஏணியில் நின்றபடி.

நான் முகமாலையில் கண்ணிவெடி எடுக்கிறேன்.
திங்கள் போனால் வெள்ளி வீடு.
சம்பளம் ஐம்பத்தெட்டு. வகுத்துப் பார்த்தேன்,
முப்பத்தைந்தரை மாதம்.
களம் இன்னும் மூன்று வருசம்தான் என்கிறார் சுப்பவைசர்.
மிச்சம் அரை மாதச் சம்பளம்.
அதில் அம்மாவும் நானும்
மூன்று வருசம் சாப்பிட வேண்டும்.
அவன் படிப்போ நாலு.
இது ஒரு விசித்திரமான உத்தியோகம்:
நன்றாகச் செய்தால்
கெதியாக இல்லாமல் போகும்.

வெள்ளி இரவு கேட்டேன்,
நாலு வருசம் இருந்து என்னடா படிப்பாய்?
"உங்கடை மெசின் ஏன் கத்துதெண்டு தெரியுமோ, அக்கா?"
தெரியாது. கத்தும். முழந்தாளில் இருப்பேன்.
சாப்பிட்ட கோப்பையில் ஈரவிரலால் வட்டம் கீறினான்.
சுருளில் மின் ஓட, மண்ணுக்குள் காந்தப்புலம் இறங்கும்;
கீழே உலோகம் கிடந்தால்
அது தன்பாட்டில் ஒரு சின்னச் சுழலை எழுப்பித்
திருப்பிக் கூப்பிடும்.
"ஆனா ஆரெண்டு சொல்லாது.
ஆணியும் அதே குரல்லதான் கூப்பிடும்."

அன்று முப்பத்தொரு தரம் கூப்பிட்டது.
ஒவ்வொரு தரமும் பக்கவாட்டில்,
விரற்கடை விரற்கடையாகச் சுரண்டி
முள்ளுக்கம்பி, ரின்மீன் மூடி, வெற்றுக்கோது.
ஒரு சாவி. பூட்டு வரவில்லை.
முப்பத்தொன்றிலும் வெடி இல்லை.
என் நாட்சம்பளம்
அநேகமாக ஆணிகளுக்குத்தான்.

பிரித்துச் சொல்கிற மெசின் இல்லையோ?
"செய்யினம். விலை கூட. இன்னும் சரிவரேல்லை."
நீ செய்வியோ?
கன நேரம் பேசாமல் இருந்தான்.
வட்டம் காய்ந்துவிட்டது.
"தெரியாது" என்றான்.
ஓம் என்றிருந்தால்
அன்றிரவே மாமாவுக்குப் போன் எடுத்திருப்பேன்.

மடிக்கணினி இன்னும் வாங்கவில்லை. காப்பு அடைவில்.
முறிகண்டியில் கொழும்பு பஸ் நின்றது.
ஏறப் போனவன் திரும்பி வந்து
என்னிடம் இருபது ரூபா வாங்கிப்
பிள்ளையார் உண்டியலில் போட்டான்.
காந்தப்புலம் படித்தவன்.

வீட்டுக்கு வந்து ரசீதை விரித்தேன்.
அந்த இருபதை
எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல்
நடுவில் எழுதினேன்.