கூரைச் சாவி

அக்டோபரில் ஒரு வாரம்
கூரைச் சாவி என் இடுப்பிலேயே தொங்கும்.
புந்தா அரேனாஸ் என்றால் மணல்முனை.
கூரையில் மணல் இல்லை.
காற்றுதான்,
தொப்பியைக் கையால் பிடிக்காதவர்
வெறுந்தலையோடு இறங்குவார்.

முதலில் வந்தவள் பின்லாந்தின் அவ்லிக்கி.
விமானத்தில் இரண்டு இருக்கை வாங்கியிருந்தாள்,
ஜன்னலோரம் விளக்குக்கு.
பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் விளக்கு,
எரிந்தால் எத்தனை வெளிச்சம் என்று
முத்திரை வைத்த தாளோடு.
"குலுக்கினால் இது வேறு விளக்காகிவிடும்"
என்றாளாம் சாந்தியாகோ சுங்கத்தில்.
அங்கே யாரும் சிரிக்கவில்லையாம்.

உஷுவாயாவிலிருந்து லாரியில் ஈபெர்.
கென்யாவிலிருந்து நியோகபி,
இறங்கியதுமே என் ஸ்வெட்டர் இரண்டும் அவள்மேல்.
மொத்தம் எட்டுப் பெட்டிகள்,
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கண்ணாடிக் குமிழ்,
எட்டும் ஒரே திசையில்.

ஒரு சூரியனுக்கு எட்டுச் சாட்சியா என்றேன்.
"சாட்சிகள் ஒத்துப்போகவில்லை,
அதுதான் வழக்கு" என்றான் ஈபெர்.

நான்கு நாள் மேகம்.
மாத்தே குடித்தார்கள், ஆட்டுக்கறி தின்றார்கள்,
குமிழ்களை மென்துணியால் துடைத்தார்கள்,
மறுபடி துடைத்தார்கள்.

நியோகபி கேட்டாள்:
"எங்கள் ஊரில் உச்சிவேளை நிழல்
செருப்புக்கடியில் ஒளிந்துகொள்ளும்.
இங்கே மத்தியானமும் நிழல் நீண்டு கிடக்கிறது.
இந்த வெயிலுக்கா பயப்படுகிறீர்கள்?"
அவள் பையில் ஒரு பட்டியல் இருந்தது,
பிறவியிலேயே தோல் வெளுத்த
முப்பத்தொரு பள்ளிப் பிள்ளைகள்.
எத்தனை மணிக்கு விளையாடவிடலாம் என்பதை
அவள் பெட்டி சொல்லவேண்டும்.

பதிலுக்கு என் தம்பி எலியேசரைக் கூட்டிவந்தேன்.
நண்டுப் படகில் முப்பது வருடம்.
இடது காதில் நகக்கண் அளவு இல்லை,
வெட்டி எடுத்துவிட்டார்கள்.
குளிர் காயத்தான் வெயிலில் நின்றான்.
இந்த ஊர் வெயில் சுடாது.
சுடாததால் யாரும் நகரமாட்டார்கள்.
நகராததால் சுடும்.

ஐந்தாம் நாள் வானம் திறந்தது.
மேலே, மிக மேலே,
ஓசோன் ஓட்டையின் ஓரம்
எங்கள் தெருக்களைக் கடந்துகொண்டிருந்ததாம்.
நான் பார்த்ததெல்லாம் நீலம்.
எட்டுப் பேரும் பேசவில்லை.
எலியேசர் படியிறங்கிவிட்டான்.

மாலையில் எண்களை அடுக்கினார்கள்.
ஏழு பெட்டிகள் ஏறக்குறைய ஒரே பேச்சு.
ஒன்று மட்டும் ஆறு சதவீதம் குறைவாக.
ஜன்னலை அடைத்து
இருட்டில் விளக்கை ஏற்றினார்கள்.
விளக்கு பொய் சொல்லவில்லை.
குறைத்துச் சொன்னது அவ்லிக்கியின் பெட்டி.

அவளே கொண்டுவந்த விளக்கு,
அவளையே காட்டிக்கொடுத்தது.
யாரும் தோள் தட்டவில்லை,
யாரும் உள்ளூர மகிழ்ந்ததாகவும் தெரியவில்லை.
ஈபெர் மாத்தேயை அவள் பக்கம் நகர்த்தினான்.
அவள் நள்ளிரவு வரை ஊருக்கு எழுதினாள்:
இரண்டு கோடைகளின் எண்களைத் திருத்துங்கள்.

சாவிக்காக வாசலில் காத்திருந்தவள் நான், கேட்டேன்:
"நேற்றைய வெயிலைத் திருத்தலாம்.
நேற்று வெயிலில் கிடந்தவர்களை?"
அவள் தாளிலிருந்து கண்ணெடுக்கவில்லை.
"நாளைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லலாம்"
என்றாள், பிறகு,
"அது போதாது" என்றாள்.

எல்லோரும் போனார்கள்.
நியோகபி ஒரு ஸ்வெட்டரைத் திருப்பித் தந்தாள்,
மற்றதைத் தரவில்லை.
கூரையில் எங்கள் பெட்டி மட்டும்.
அதற்கும் மூன்று சதவீதம் கூட்டச் சொன்னார்கள்.
மூன்றுதான்.
ஏழரைக்குக் கீழே நின்ற எண்
ஏழரையைத் தாண்டியது.
மறுநாள் காலை பள்ளிக் கம்பத்தில்
ஆரஞ்சு இறங்கி சிவப்பு ஏறியது.
பிள்ளைகள் உள்ளே ஓடினார்கள்,
இரண்டு பேர் ஓடவில்லை,
டீச்சர் விசிலடித்தாள்.

எலியேசர் கேட்கிறான்,
"மூன்று சதவீதம் என்றால்
காதில் எவ்வளவு?"
தெரியாது என்றேன்.
தாடைக்கடியில் கயிறு கட்டுகிற தொப்பி ஒன்று
வாங்கி வைத்திருக்கிறேன்.
சிரிக்கிறான், போட்டுக்கொள்கிறான்,
படகு துறையைத் தாண்டியதும்
கழற்றிவிடுவான் என்று தெரியும்.