பதினொரு குப்பி

குழித்துறைப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
கம்பி வலைக்குள் நிற்கிறேன், ஒன்பது வருஷமாய்.
முகங்கள் எனக்கு அவ்வளவாய்த் தெரியாது.
உள்ளே நீளும் கை தெரியும்,
அது கேட்கிற பெயர் தெரியும்.

விரலிடுக்கில் ரப்பர்பால் உலர்ந்து
தோலைப்போல் உரிகிற கை அருமனைப் பக்கம்.
நைலான் கயிறு அறுத்த கோடுகள்,
சோப்புப் போட்டும் போகாத சாளை வாடை
தூத்தூர், இல்லையென்றால் இனயம்.
வெள்ளைச் சட்டைக் கை ஒன்று
ரூபாயை நாலாய் மடித்து நீட்டி
பெயரே சொல்லாமல் அலமாரியைச் சுட்டும்.
அது யாரென்று எனக்கு வேண்டாம்.

வேலையில் சேர்ந்தபோது ஒரு தாள் தந்தார்கள்:
திராட்சையைப் புளிக்கவைத்து வடித்தால் பிராந்தி,
பார்லி, சோளம் என்று தானியமானால் விஸ்கி,
இரண்டும் மரப்பீப்பாயில் வருஷக்கணக்காய்க் கிடந்து
நிறம் பிடிக்கும்.
பெட்டி இறக்க வரும் ஷோபிதராஜ் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான்.
"ஓய், நம்ம சரக்கு எந்தப் பீப்பாயில கெடந்துச்சு?
ரெண்டும் ஒரே கரும்புப்பாகு பெத்த பிள்ளையளு.
ஞானஸ்நானத்துலதான் பேரு வேற."

நான் இரண்டையும் குடித்ததில்லை.
ஒருமுறை அவன் கைதவறிப் பெட்டிகள் விழுந்தன.
ஒன்று கருகின சீனி,
மற்றது மழையில் நனைந்த சாக்கு.
தரையில் கலந்தபிறகு
ஈக்கள் பேதம் பார்க்கவில்லை.

ஆனாலும் நான் கண்ட வித்தியாசம் ஒன்று உண்டு,
தாளில் இல்லாதது.
பிராந்தி கேட்கிறவன்
கூடவே ஒரு காரணம் கொண்டுவருவான்.
தடுமன். நெஞ்சுச்சளி. ஆனி மழை.
மூணு நாள் கடல்ல கெடந்த குளிரு.
பசு கன்னு போட்டு எந்திரிக்கல்ல.
"டாக்டரே சொல்லியாச்சு, கேட்டியா."
நான் கேட்டதே இல்லை.
விஸ்கி கேட்கிறவன்
எண்ணிக்கையை மட்டும் சொல்வான்.

டிசம்பர் பதினாலு மதியம்
வெளியே வரிசைச் சத்தம் சட்டென்று அடங்கியது.
ஒரு கை வந்தது.
மெல்லிய மோதிரம், நகத்தோரம் மைதாமாவு.
"கேக்குக்கு. கிஸ்மிஸ் ஊறப்போட.
பிராந்தி, ஒரு கோட்டர்."
போனபிறகு யாரோ மெதுவாய்ச் சொன்னார்கள்,
"ஃபபியோலா டீச்சரு."

கிறிஸ்துமஸ் கழிந்து
மூன்று ராஜாக்கள் திருநாளும் கழிந்து
அதே கை: "கேக்குக்கு."
பிப்ரவரியில்: "கேக்குக்கு. ஆர்டர் வந்திருக்கு."
சாம்பல் புதனுக்கு மறுநாளும்
கேக்குக்குத்தான்.
தவக்காலத்தில் யார் வீட்டில் கேக் வெட்டுகிறார்கள் என்று
நான் எண்ணிப் பார்க்கவில்லை.
பில் போட்டேன். குப்பியில் ஒட்டுத்தாள் ஒட்டினேன்.
காலிக் குப்பி கொண்டுவந்தால்
பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும் என்றேன்,
எல்லோரிடமும் சொல்கிறமாதிரி.

வைகாசியில் ஒருநாள்
நகத்தில் மாவு இல்லை.
"விஸ்கி. ரெண்டு."
அவ்வளவுதான்.
நான் எதற்கோ காத்திருந்தேன் போல,
மீதிச் சில்லறை என் கையிலேயே இருந்தது.
"சீக்கிரம் தாரும் ஓய்" என்றான் பின்னால் நின்றவன்.

நேற்று ஒரு கேக் பெட்டியில்
குப்பிகளை அடுக்கிக் கொண்டுவந்தாள்.
பதினொன்று. இரண்டு விஸ்கி, மற்றது பிராந்தி.
நூற்றிப்பத்து ரூபாயை
எண்ணாமல் வாங்கிக்கொண்டாள்.
பத்துக் குப்பி சுத்தமாய்க் கழுவியிருந்தது.
ஒன்றின் அடியில் மட்டும் கிஸ்மிஸ், அரைப்பிடி.
காய்ந்து சுருங்கி உள்ளே போனவை,
குடித்துப் பருத்து
கழுத்து வழியே திரும்ப முடியாமல்.
கவிழ்த்தால் உருண்டுவந்து அடைக்கின்றன.
மோந்து பார்த்தேன்.
கருகின சீனி.

திராட்சை தாய்வீட்டுக்குப் போயிருக்கு என்று
ஷோபிதராஜ் சொல்லக்கூடும்.
அவனுக்குக் காட்டவில்லை.
காலிப் பெட்டியில் போடாமல்
மேசைக்கடியில் வைத்திருக்கிறேன்.
மாதக் கணக்கில் ஒரு குப்பி குறையும்.
சூப்பர்வைசர்
காரணம் கேட்பார்.