அரைச் சுண்டு

ஆறு பேருக்கு ஒரு சஹன்.
சாய்ந்தமருதில் காக்காவின் மகளுக்குக் கல்யாணம்.
பாயில் நான் கடைசியாய் உட்கார்ந்தேன்.
முழங்கால் மடங்கியதே ஒரு செய்திதான்;
முந்திய கல்யாணத்தில் எனக்கு மட்டும் கதிரை போட்டார்கள்,
கைப்பிடி இல்லாத கதிரை.

"மெலிஞ்சி போனீங்க ஜெஸீமா, ஆளே தெரியல்ல."
நூற்றிப் பதினாறு கிலோவில் இருந்தவள்
எங்கே போனாள் என்று
ஒருத்தியும் கேட்கவில்லை.

சஹனுக்கு எல்லைக்கல் கிடையாது,
ஆனாலும் ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு நிலம்,
விரல்களே வரப்பு.
ஐந்து பக்கமும் தட்டின் வெள்ளி தெரியத் தொடங்கிவிட்டது.
என் பக்கம் மட்டும்
வெட்டு மெசின் வராத வயல்.

கொழும்பில் டொக்டர் படம் கீறிக் காட்டினார்.
இவ்வளவு வெட்டுவோம், இவ்வளவு மிஞ்சும்.
மிஞ்சுவது ஒரு வாழைப்பழம்.
வாப்பாவுக்கு அந்தக் கணக்குப் பிடிபடவில்லை,
அவணத்திலும் மரைக்காலிலும் காலம் போக்கிய மனிசன்.
"சுண்டுக் கணக்கில சொல்லு புள்ள."
அரைச் சுண்டு, வாப்பா.
கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
எழும்பிப் போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டார்.

சோற்றோடு தண்ணி கூடாது.
அரை மணித்தியாலம் முன்னும் கூடாது, பின்னும் கூடாது.
முதல் நோன்பில்
பாங்கு கேட்டதும் வீடு முழுக்க ஒரே அவசரம்,
எனக்கு மட்டும் ஒரு கேள்வி: தாகமா, பசியா?
தண்ணியை எடுத்தேன்.
கஞ்சிக் கோப்பை
ஆறி, ஆடை கட்டி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது வட்டலப்பம் வருகிறது.
மாப்பிள்ளை வீட்டு மனிசி ஒருத்தி,
கையில் கரண்டி, வாயில் சிரிப்பு.
"ஆசைக்கு ஒரு வாய்."
மூன்று வாய்.
வெட்டிய கத்தி ஆசையைத் தொடவில்லை.
டொக்டரின் படத்தில் அது எந்த இடத்திலும் இல்லை.

இருபது நிமிசம் போகவில்லை.
நெஞ்சு
வாய்க்கால் ஓரத்துத் தண்ணிப் பம்பாய் அடிக்கிறது.
புருவத்தில், மேலுதட்டில், முழங்கைக்குள் வேர்வை.
யாரோ என் குடலை ஈரச் சாரமாய்
இரண்டு பக்கமும் பிடித்துப் பிழிகிறார்கள்.
இதற்கு டம்பிங் என்று பெயராம்;
மாநகரசபை லொறி
குப்பையைச் சாய்த்துக் கொட்டுகிறதே, அதே சொல்தான்.

கக்கூசு வாசலில் நாலு பேர் வரிசை.
என் முறை வந்து, போய், வெளியே வந்தேன்.
கால் நிற்கவில்லை.
திறந்து கிடந்த அறைக்குள் நுழைந்து
சீமெந்துத் தரையில் கன்னத்தை வைத்தேன்.
கட்டிலுக்கடியில் புதுச் செருப்புச் சோடி,
அடியில் விலைத்துண்டு கிழிக்கப்படவில்லை.
இரண்டாயிரத்துத் தொளாயிரத்து ஐம்பது.
இரண்டு தரம் வாசித்தேன்.
அதற்குள் பம்ப் கொஞ்சம் அடங்கியது.

கதவு திறந்து பூட்டியது.
மணப்பெண்.
காலையிலிருந்து தேத்தண்ணிதான்.
இடுப்பில் பதினெட்டு ஊசி குத்தித்தான் உடுப்பைப் பொருத்தியிருக்கிறார்கள்.
பெரிய புள்ள, என்னைப் போல,
எங்கள் வீட்டு எலும்பு.

"மாமி, ஒப்பரேசனுக்கு எவ்வளவு முடிஞ்ச?"

அவள் விலையைத்தான் கேட்டாள், நானும் விலையைத்தான் சொன்னேன்.
கட்டார் காசு, அடகு வைத்த காப்பு,
மாசத்துக்கொரு ஊசி, சீப்பில் வரும் முடி.
சீனி மாத்திரை நின்றதையும் சொன்னேன்.
மாடிப்படி ஏறுகிறேன், அதையும்.
கேட்டுக்கொண்டே என் பக்கத்தில் இறங்கி
தரையில் உட்காரப் பார்த்தாள்,
உடுப்பு விடவில்லை.
கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நோகுமா?"

"எவடத்தில?" என்று கேட்டேன்.

வெளியே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.
இடுப்பிலிருந்து ஓர் ஊசியை உருவி
என்னிடம் தந்தாள், வைத்திருங்க என்று.
வாங்கினேன்.
கை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.