வரி விடுமுறை

பாயான் லெப்பாஸில் எங்கள் கம்பெனி
கதவு திறந்தபோது அரசாங்கம் கொடுத்தது
வரிக்குப் பத்தாண்டு விடுமுறை.
பிறகு இன்னோர் ஐந்து.
பிறகு வேறு பெயரில் ஒரு பத்து.
தைப்பூசத்துக்கு மறுநாள் லீவு கேட்டதற்கு
சூப்பர்வைசர் சியூ எங்
காலண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
எங்கோ ஒரு கட்டத்தில்
அந்த ஒரு நாளைத் தொலைத்துவிட்டவர்போல.

பிப்ரவரியில் கேன்டீனில் கூட்டம்.
திரையில் இரண்டு தூண்கள்.
குட்டையானது ஹாய்போங்.
நெட்டையானது நாங்கள்.
குறைந்தபட்சச் சம்பளம் ஏறியதும்
நெட்டை இன்னும் கொஞ்சம் நெட்டையாம்.
நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக
என்னை விலை உயர்ந்தவள் என்றார்கள்.
ரொஹானா காதோரம் கேட்டாள்:
அப்படியானால் இருபதாம் தேதிக்குமேல்
என் வீட்டில் ஏன் மெகி மீ மட்டும்?

தில்மாயா எதுவும் கேட்கவில்லை.
காட்மாண்டு ஏஜென்டுக்கு இன்னும்
எட்டு மாதக் கடன் பாக்கி.
அவளுக்குத் தூணே போடவில்லை.

மூன்று வாரம், கைப்பேசித் திரையில்,
ஹான் என்பவளுக்கு வேலையைக் காட்டினேன்.
இருவருக்கும் ஓட்டை இங்கிலீஷ், மீதிக்கு விரல்கள்.
எனக்குக் கழுத்தில் வலிக்கும் அதே இடத்தை
அவள் தன் கழுத்தில் தொட்டுக் காட்டினாள்.
அவள் ஊரில் புது ரோடு, புது விளக்கு,
மந்திரி வந்து நாடா வெட்டினாராம்.
சிவப்பு நாடா.
இங்கேயும் சிவப்புதான் என்றேன்.

பொய் சொல்லக் கூடாது.
இந்தச் சம்பளத்தில்தான் தம்பி டிப்ளோமா முடித்தான்.
தெலுக் கும்பாரில் மலிவு வீடு,
பதினோராவது மாடி,
கடல் தெரியும்,
குளியலறை வாளியைக் கவிழ்த்து மேலே ஏறி நின்றால்.
வளர்ச்சி என்றால் என்னவென்று யாராவது கேட்டால்
அந்த ஜன்னலைக் காட்டுவேன்.
வாளியையும்.

கடைசி நாள்
பழைய பிரஸ் மெஷினைப் பெட்டியில் அடைத்தோம்.
இருபத்தேழு வருஷம் என் இடப்பக்கம் இருந்தது.
தில்மாயா அடித்தகட்டைக் கழற்ற
பச்சைப் பெயின்ட் பாளமாக உரிந்தது.
கீழே சாம்பல் நிறம்.
அதில் ஆணியால் கீறிய எழுத்து:
மொரீன். ஷானன். எண்பத்தொன்று.

ஷானன் யாரென்று கேட்டாள் ரொஹானா.
சியூ எங் தேடிப் பார்த்து, ஊர் என்றார்,
அயர்லாந்தில்.
சற்று நேரம் யாரும் பேசவில்லை.
அங்கேயும் ஒரு விடுமுறை முடிந்திருக்கும்.
அங்கேயும் ஒருத்தி
ஒரே இரவில் நெட்டையாகியிருப்பாள்.

வெளியே லாரி உறுமிக்கொண்டிருந்தது.
உன் பெயரையும் கீறு என்றார்கள்.
ஆணியை எடுத்தேன்.
பெயர் எதற்கு?
இடது பொத்தானுக்குக் கீழே,
ஹானுக்குப் புரியும் ஓட்டை இங்கிலீஷில் எழுதினேன்:

மழை நாளில் ஷாக் அடிக்கும்.
கையைத் துடைத்துவிட்டு அழுத்து.